பன்னிரண்டுக்குப் பத்து

ஆடி 14, செவ்வாய்

காலை ஒன்பது நாற்பதுக்குச் சாஸ்தா கோயில் ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தேன். அமாவாசைக்கு இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. ஆனாலும் கரையில் ஏற்கெனவே முப்பது குடில்கள். குடில் என்றால் நாலு மூங்கில், மேலே ஒரு தார்ப்பாய், சுற்றிலும் பழைய சேலை. ஆடி அமாவாசைக்கு இந்தக் காட்டுக் கோயிலுக்கு வருகிறவர்கள் ஒரு வாரம், பத்து நாள் இப்படித்தான் தங்கி, பொங்கிச் சாப்பிட்டு, சாமி கும்பிட்டுவிட்டுப் போவார்கள். ஆயிரக்கணக்கில் ஜனம். அளவு என்ற பேச்சே கிடையாது. கை போன இடத்தில் கம்பை நட்டுவிடுகிறார்கள்.

நான் அப்படி நடவில்லை. முப்பத்து மூன்று வருடம் சர்வேயராக இருந்தவன். மருத மரத்துக்குத் தெற்கே, மேடான, எறும்பில்லாத இடமாகப் பார்த்து, டேப் பிடித்து, பன்னிரண்டுக்குப் பத்து அடி அளந்தேன். நாலு மூலைக்கு நாலு கல். ஆற்றில் கிடந்த நீளக் கற்கள்தான். வெள்ளை அடித்து, நாலாவது கல்லில் எங்கள் துறை வழக்கப்படி மேல்நோக்கி ஓர் அம்புக்குறி போட்டேன். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே சுண்ணாம்புத் தூளில் கோடு. இது இன்னொருவர் இடம் என்று பார்க்கிற எவருக்கும் தெரிய வேண்டும்.

இவ்வளவும் பகவதிக்காக. பகவதி என் மனைவி. தூத்துக்குடியில் மகள் ஆவுடைச்செல்வி வீட்டில் இருக்கிறாள். போய் இருபத்து மூன்று நாள் ஆகிறது. பேத்திக்குச் சளி என்று போனாள். சளி இரண்டாம் நாளே சரியாகிவிட்டது. அமாவாசை அன்று இங்கே வருவாள். அதற்குப் பிறகு என்னோடு பாளையங்கோட்டைக்குத் திரும்புவதா, மகளோடேயே இருந்துவிடுவதா என்பதை இங்கே வந்து பார்த்துவிட்டுச் சொல்வாளாம். எதைப் பார்த்துவிட்டு என்று ஆவுடையிடம் கேட்டேன். "உங்களைத்தான்பா" என்றாள்.

பார்க்கட்டும். பார்ப்பதற்கு ஒழுங்காக இருக்க வேண்டும். ஓர் அட்டையில் கரை விதிகள் எழுதி வாசல் கம்பில் தொங்கவிட்டேன்.

1. அடுத்தவர் குடில் வாசலில் நின்று குரல் கொடுக்கவும். "வாங்க" என்று சொன்ன பிறகே உள்ளே வரவும்.
2. அடுத்தவர் கம்பில் கயிறு கட்டக் கூடாது.
3. அடுத்தவர் என்ன சமைக்கிறார் என்று எட்டிப் பார்க்கக் கூடாது.
4. அடுத்தவரின் சொந்த விஷயங்களை விசாரிக்கக் கூடாது.

பொது இடத்தில் மனிதனுக்கு மனிதன் காட்ட வேண்டிய குறைந்தபட்ச மரியாதை இது. ஏன் யாருக்கும் புரிவதில்லை என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

ஆடி 15, புதன்

பக்கத்து இடத்துக்கு ஆள் வந்துவிட்டது. பதினேழு பேர், இரண்டு கிடா, ஏழு கோழி, ஒரு கிரைண்டர். இங்கே கரண்ட் கிடையாது. கிரைண்டர் எதற்கு என்று கேட்கவில்லை. விதி நான்கு.

உடன்குடிப் பக்கத்துக்காரர்கள். தலைவி பிரம்மசக்தி என்ற அம்மாள். ஐம்பது வயதிருக்கும். அவர் பேசினால் அக்கரையில் இருக்கிறவர்களும் பதில் சொல்கிறார்கள். வீட்டுக்காரர் தங்கமாரியப்பன் அவர்கள் குடும்பத்துச் சாமியாடி. பேச மாட்டார். அவருக்கும் சேர்த்து அம்மாளே பேசிவிடுவதால் தேவைப்படுவதில்லை போலிருக்கிறது.

அவர்கள் குடிலுக்கும் என் கோட்டுக்கும் இடைவெளி ஓரடி நாலு அங்குலம்.

"அண்ணாச்சி, ஒரு கயித்த உங்க கம்புல கெட்டிக்கிடுதோம். எங்க கம்பு ஆடுது."

"என் கம்பும் ஆடத்தாம்மா செய்யுது."

"ரெண்டும் சேந்துட்டா ஆடாதுல்லா."

கட்டிவிட்டார்கள். இப்போது ஆடவில்லை. அதனால் நான் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

அடுத்த கேள்வி உடனே வந்தது. "ஒத்தையிலயா வந்திருக்கிய? மைனி வரலியா?"

நான் அட்டையைக் காட்டினேன். பிரம்மசக்தி கிட்டே போய், நாலு விதியையும் வாய்விட்டு வாசித்தார். "எழுத்து முத்து முத்தா இருக்கு அண்ணாச்சி" என்றார். பிறகு திரும்பி, "மைனி வரலியா?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வருவாள் என்று சொல்லிவிட்டேன்.

மத்தியானம் கிடா வந்து அட்டையின் கீழ்ப்பாதியைத் தின்றுவிட்டது. மூன்றாம் விதியும் நான்காம் விதியும் போயின. மாலை வரை என் கோட்டைத் தாண்டியவர்கள் நாற்பத்தொரு பேர். கோழிகளைச் சேர்க்கவில்லை. கருப்பட்டிக் காபி கொடுத்தனுப்பினார்கள். நன்றாக இருந்தது. அது வேறு விஷயம்.

ஆடி 16, வியாழன்

இந்தக் காட்டில் போன் எடுப்பது ஒரே ஓர் இடத்தில்தான். படித்துறைக்கு மேலே ஒரு பாறை. ஆறடிக்கு எட்டடி. அதன்மேல் ஒரே நேரத்தில் ஒன்பது பேர் நின்று பேசுகிறார்கள். சிக்னல் குறைவு என்பதால் எல்லாரும் கத்துகிறார்கள். ஒருவருடைய கொழுந்தியாளுக்குப் பெண் பிறந்திருப்பது, இன்னொருவருக்கு மூலம் முற்றியிருப்பது எல்லாம் எனக்குத் தெரியவந்தது. காதைப் பொத்திக்கொண்டு என் முறைக்குக் காத்திருந்தேன்.

ஆவுடைதான் எடுத்தாள். "அம்மா பக்கத்துலதான்பா இருக்கா. பேச மாட்டாளாம்."

"நான் என்ன தப்பு செஞ்சேன்னு கேளு."

பாறை திடீரென்று அமைதியாகிவிட்டது. அப்போதே நான் கவனித்திருக்க வேண்டும்.

"கேட்டேன்பா. நீங்களே யோசிச்சுப் பாப்பியளாம்."

"நான் அடுக்களையில துணைக்குத்தான நின்னேன்!"

"என்னப்பா? கேக்கல!"

"அடுக்களையில! துணைக்கு! நின்னேன்!"

லைன் போய்விட்டது. என் குரல் மலையில் பட்டுத் திரும்பி வந்தது. மூலக்காரர் தன் போனை நெஞ்சில் பொத்திக்கொண்டு, "தப்பா நெனைக்காதீய அண்ணாச்சி, அடுக்களையில நிக்கது தப்பு" என்றார். மற்ற ஏழு பேரும் தலையை ஆட்டினார்கள்.

நான் குடிலுக்கு வந்து சேருமுன் செய்தி வந்து சேர்ந்துவிட்டது. வழியில் யார் என்றே தெரியாத ஒருவர் என் தோளைத் தட்டி, எல்லாம் சரியாகும் என்றார். பிரம்மசக்தி ஒரு டம்ளர் காபியை நீட்டினார். "மைனி வரட்டும் அண்ணாச்சி. நாங்க பேசுதோம்." ஐயோ வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

சரி, யோசித்துப் பார்க்கிறேன். ஓய்வு பெற்றுப் பதினோரு மாதம் ஆகிறது. இந்தப் பதினோரு மாதத்தில் நான் ஒருநாள்கூடப் பகவதியை அதட்டியதில்லை. வேலைக்குப் போன காலத்தில் வீட்டைக் கவனிக்கவே இல்லை என்ற குறையைத் தீர்க்கத்தான் பார்த்தேன். அடுக்களை டப்பாக்களுக்கு எண் போட்டு, எந்த எண்ணில் என்ன இருக்கிறது என்று சுவரில் பட்டியல் ஒட்டினேன். குக்கர் விசிலை எண்ணிச் சொன்னேன். தோசையை எப்போது திருப்ப வேண்டும் என்று பக்கத்தில் நின்று சொன்னேன். போன் வந்தால் யார் என்று கேட்டேன். எழுந்தால் எங்கே போகிறாய் என்று கேட்டேன். இதில் எது தப்பு?

ஆடி 17, வெள்ளி

ஆடி வெள்ளி. ஆறு மணிக்கு ஆற்றில் குளித்துவிட்டு வந்து பார்த்தால், நாலாம் கல்லுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, ஒரு முழம் அரளி சுற்றியிருந்தது. முன்னால் சூடம் எரிந்த கறுப்பு. ஏழு மணிக்கு இரண்டு பெண்கள் வந்து அதன்முன் தேங்காய் உடைத்தார்கள்.

"அம்மா, இது சர்வே கல்லு. செவ்வாக்கெழம நான்தான் நட்டேன்."

"நட்டா என்ன? எல்லாச் சாமியும் யாரோ நட்டதுதான" என்றார் மூத்தவர்.

"அது வெறும் அம்புக்குறிம்மா."

"வேலுன்னு பாத்தாலே தெரியுதே."

பார்த்தேன். வேல் மாதிரித்தான் இருந்தது. என் அம்புக்குறி எப்போதுமே திருத்தமாக இருக்கும். தாசில்தாரே பாராட்டியிருக்கிறார்.

விசாரித்ததில் விவரம் தெரிந்தது. நேற்றுச் சாயங்காலம் தங்கமாரியப்பன் இந்தக் கல்லில் கால் பெருவிரலை இடித்துக்கொண்டிருக்கிறார். வலியில் கண்ணை இறுக மூடி, கையிரண்டையும் சேர்த்து, உடம்பெல்லாம் நடுங்க இரண்டு நிமிடம் அதன்முன் நின்றிருக்கிறார். அவர் சாமியாடி. பார்த்தவர்கள் அருள் வந்துவிட்டது என்று முடிவு செய்துவிட்டார்கள். சுற்றி வெள்ளைக் கோடு வேறு. எல்லை காக்கிற சாமி என்று பேரும் வைத்தாகிவிட்டது. நான் தங்கமாரியப்பனிடமே போய்க் கேட்டேன். வந்ததிலிருந்து அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை இதுதான். "நல்ல வலி."

"அதை எல்லாருட்டயும் சொல்லுங்க அண்ணாச்சி."

பிரம்மசக்தி குறுக்கே வந்தார். "இனிமே சொன்னா தெய்வ குத்தம்."

பத்து மணிக்கு வரிசை மருத மரத்தைத் தாண்டிவிட்டது. தள்ளுமுள்ளு. வேறு வழியில்லாமல் நான் வெளியே வந்து வரிசையை ஒழுங்குபடுத்தினேன். யாரோ ஒருவர் என் கையில் திருநீற்றுத் தட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். ஒருவருக்கும் அடுத்தவருக்கும் மூன்றடி இடைவெளி விட வேண்டும் என்றேன். விட்டார்கள்! அட்டையில் எழுதித் தொங்கவிட்டபோது மதிக்காத ஜனம், தட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னதும் மதிக்கிறது. பதினொரு மணிக்கு மேல் என்னைப் பூசாரி ஐயா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். திருத்தவில்லை. வேலை நிறைய இருந்தது.

ஆனால் என் பன்னிரண்டுக்குப் பத்து போயே போய்விட்டது. உள்ளே முன்பின் தெரியாத ஒரு குழந்தை என் போர்வையில் தூங்குகிறது. மூலையில் பதினாலு ஜோடி செருப்பு. என் குடிலுக்குள் நான் நுழைவதற்கு "கொஞ்சம் வழி விடுங்க" என்று ஒன்பது முறை சொல்ல வேண்டியிருந்தது.

ஆடி 18, சனி

பகவதி நாளை வருகிறாள். குடிலை மூன்று முறை கூட்டினேன். அவளுக்கென்று உள்ளே சேலையால் தனி மறைப்புக் கட்டிவிட்டேன். நான் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்க்க வசதியாக ஓர் ஓரத்தில் மட்டும் இடைவெளி விட்டிருக்கிறேன். அவளுக்கு ஏதாவது தேவைப்பட்டால் உடனே தெரிய வேண்டும் அல்லவா.

ஆடி 19, ஞாயிறு. அமாவாசை

விடியுமுன்னே ஆற்றில் இறங்கி அப்பா அம்மாவுக்குத் தர்ப்பணம் கொடுத்தேன். ஏழு மணிக்கெல்லாம் வேட்டி சட்டை மாற்றித் தயாராகிவிட்டேன். ஆனால் வரிசையும் தயாராக இருந்தது. அமாவாசை அல்லவா. அறுபது பேருக்குக் குறையாது. தட்டை எடுத்துக்கொண்டு நின்றேன். ஒரு கண் பாதைமேல்.

பாதையில் பகவதி வரவில்லை. வரிசையில் வந்தாள்.

இங்கே ஒரு புதுச் சாமி கண் திறந்திருக்கிறது என்று படித்துறையில் யாரோ சொன்னார்களாம். ஆவுடையும் மாப்பிள்ளையும் அவளை இறக்கிவிட்டுக் குழந்தைக்காக உடனே திரும்பிவிட்டார்கள். பையும் கையுமாக இவள் நேரே வரிசையில் நின்றுவிட்டாள். மூன்றடி இடைவெளி விட்டு ஒழுங்காக நின்றிருக்கிறாள். முன்னால் வந்ததும் கல்லைப் பார்த்தாள். அம்புக்குறியைப் பார்த்தாள். தட்டைப் பார்த்தாள். கடைசியாக என்னைப் பார்த்தாள்.

"என்னது இது?"

"நாலாம் கல்லு" என்றேன் மெதுவாக. வேறு என்ன சொல்ல?

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பா என்று தெரியவில்லை. பிறகு கண்ணை மூடிக் கும்பிட்டாள். நெடுநேரம் கும்பிட்டாள். இருபத்து மூன்று நாளாக, இல்லை, இன்றோடு இருபத்தெட்டு நாளாகப் பார்க்காத முகம். மெலிந்திருந்தாள். நான் ஒன்றும் பேசாமல் இருந்திருக்க வேண்டும்.

"என்ன வேண்டுன?" என்று கேட்டுவிட்டேன்.

கண்ணைத் திறந்தாள். முகத்திலிருந்து என்னவோ இறங்கிப் போய்விட்டது. "பின்னால ஆளு நிக்காவ" என்று சொல்லிவிட்டு நகர்ந்தாள்.

"மைனி, வெயில்ல நிக்காதீய, இங்கன வாங்க" என்று பக்கத்துக் குடிலிலிருந்து குரல் வந்தது. பகவதி குனிந்து அதற்குள் போய்விட்டாள். பையையும் கொண்டுபோய்விட்டாள்.

வரிசை முடிந்ததும் தலையணை கொண்டுபோய்க் கொடுத்தேன். பிறகு பிரஷர் மாத்திரை. பிறகு பிளாஸ்க். பிறகு விசிறி. ஐந்தாவது தடவை கொசுவர்த்தியோடு போனபோது பிரம்மசக்தி வாசலில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணாச்சி, மொத சட்டம் என்ன?"

"அதைத்தான் கிடா தின்னுட்டுதே."

"கிடா தின்னது மூணும் நாலும். ஒண்ணும் ரெண்டும் இன்னும் தொங்கிக்கிட்டுத்தான் கெடக்கு."

ஆகவே வாசலில் நின்று குரல் கொடுத்தேன். "பகவதி!" உள்ளே பதினேழு பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். "வாங்க" என்று யாரும் சொல்லவில்லை.

"மாத்திரை போட்டாச்சு" என்றது அவள் குரல்.

"அவ்வளவு கூட்டத்துல எப்படி இருப்ப? எங்கிட்ட பன்னிரண்டுக்குப் பத்து இருக்கு பகவதி."

"இங்க பதினேழு பேரு இருக்காவ. ஒருத்தரும் என்னையே பாத்துக்கிட்டு இருக்கல."

திரும்பி வந்து என் இடத்தில் உட்கார்ந்தேன். இதுவரை எழுதாத ஒன்று இருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

பகவதி தினமும் சாயங்காலம் கோயிலுக்குப் போவாள். முக்கால் மணி நேரத்தில் வந்துவிடுவாள். சில மாதமாக இருபது நிமிடம் கூடுதலாக ஆயிற்று. அந்த இருபது நிமிடம் எங்கே போகிறது என்று எனக்கு அரித்துக்கொண்டே இருந்தது. ஒருநாள் பின்னாலேயே போனேன். கும்பிட்டுவிட்டு வந்து தெப்பக்குளப் படியில் உட்கார்ந்தாள். யாரோடும் பேசவில்லை. போன் இல்லை. கடலை கொறிக்கவில்லை. சும்மா தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதற்காகவா என்று எனக்கு நிம்மதியாகிவிட்டது. போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, "என்ன யோசிக்கிற?" என்று கேட்டேன். அன்பாகத்தான் கேட்டேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை இன்றைக்கு அந்தக் கல் முன்னால் மறுபடி பார்த்தேன்.

மறுநாள்தான் பேத்திக்குச் சளி பிடித்தது.

ஆடி 20, திங்கள்

காலையிலிருந்து பக்கத்துக் குடிலுக்குப் போகவில்லை. ஒரு தடவை போனேன். குரல் கொடுக்காமலேயே திரும்பிவிட்டேன், ஆகவே அது சேராது.

பத்து மணி வாக்கில் உள்ளே பகவதி சிரித்தாள். வாய்விட்டு, மூச்சு வாங்கும்வரை. நடுவில் இருப்பது ஒரு பழைய சேலைதான். ஆனாலும் எதற்குச் சிரித்தாள் என்று எனக்குக் கேட்கவில்லை. எழுந்து போய்க் கேட்கவும் முடியாது. கல்யாணமாகி முப்பத்து நாலு வருடத்தில் அவள் இப்படிச் சிரித்து நான் கேட்டது நாலைந்து தடவை இருக்கலாம். அவற்றில் ஒன்றுகூட நான் அடுக்களையில் நின்ற நேரத்தில் இல்லை.

பதினொன்றரைக்கு அவள் தனியாக வெளியே வந்து ஆற்றுப் பக்கம் நடந்தாள். தட்டை யாரிடமோ கொடுத்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். படித்துறையைத் தாண்டி, மேல்பக்கம், ஆள் போகாத ஓர் இடத்தில் பாறைமேல் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டாள். உச்சி வெயில். தலையில் முந்தானைகூட இல்லை. நான் நாற்பதடி தூரத்தில் இருந்தேன். முப்பதடிக்கு வந்தேன். அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தெப்பக்குளத்தில் பார்த்த மாதிரியே.

அங்கேயே நின்றுவிட்டேன். காலை எடுத்து வைக்க முடியவில்லை. திரும்பிப் போகவும் முடியவில்லை.

அப்போது பின்னாலிருந்து நாலு பெண்கள் துணி மூட்டையோடு வந்தார்கள். "பூசாரி ஐயா, மேல தண்ணி தெளிவா இருக்குமாமே?"

"இந்தப் பக்கம் போகக் கூடாது" என்றேன். "கீழ போங்க."

"ஏன், சாமி இருக்கா?"

"ஆமா."

கும்பிட்டுவிட்டுக் கீழே போனார்கள். அடுத்து போனில் படம் எடுக்க இரண்டு இளவட்டங்கள். அவர்களையும் அனுப்பினேன். பிறகு மூலக்காரர். பிறகு ஒரு குடும்பம், கிடாவோடு. கிடாவை அனுப்பத்தான் பாடுபட வேண்டியிருந்தது. அவள் பக்கம் முதுகைக் காட்டி, பாதையை மறித்துக்கொண்டு நின்றேன். குடையை விரிக்கத் தோன்றவில்லை. அவளை நான் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு தடவை பார்த்தேன்.

எவ்வளவு நேரமோ ஆயிற்று. ஈரக்கால் சத்தம் கேட்டது. பகவதி என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எவ்வளவு நேரமா நிக்கிய?"

"இப்பதான் வந்தேன்."

முப்பத்து மூன்று வருடச் சர்வீஸில் நான் ஒரு பொய் அளவு எழுதியதில்லை. அவள் என் கழுத்தைப் பார்த்தாள். தொட்டுப் பார்த்துக்கொண்டேன். தோல் கன்றிப்போயிருந்தது.

"அங்கன ஒரு கல்ல நட்டிய. இங்கன நீங்களே நின்னுட்டியளாக்கும்" என்றாள்.

என்ன யோசித்தாள், ஏன் இவ்வளவு நேரம், தலை சுற்றுகிறதா, மாத்திரை போட்டாயா என்று நாலு கேள்வி வாய்வரை வந்தன. நாலையும் விழுங்கினேன். விக்கல் எடுத்தது. அவள் என் கையிலிருந்த குடையை வாங்கி விரித்துத் தன் தலைக்கு மட்டும் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். நான் பின்னால் வெயிலில் நடந்தேன். மூன்றடி விட்டு.

ஆடி 21, செவ்வாய்

குடில் பிரிக்கிற நாள். கொண்டுவந்ததையெல்லாம் திரும்பக் கொண்டுபோக வேண்டும், காட்டில் ஒரு துரும்பு மிச்சம் வைக்கக் கூடாது என்பது இங்கே உத்தரவு. நானும் முழு மனதோடு ஆதரிக்கிறேன். சுண்ணாம்புக் கோட்டைப் பெருக்கினேன். மூன்று கல்லைப் பிடுங்கி ஆற்றில் எடுத்த இடத்திலேயே போட்டேன். நாலாம் கல்லில் கை வைத்ததும் கூட்டம் கூடிவிட்டது.

"சாமிய எடுக்கக் கூடாது!"

"வனத்துறை உத்தரவும்மா."

"சாமிக்கு எதுக்கு உத்தரவு?"

அரை மணி நேர வாக்குவாதம். கடைசியில் தங்கமாரியப்பன் முன்னால் வந்தார். எல்லாரும் அடங்கினார்கள். "ஆத்துல விடணும்னு உத்தரவு வந்திருக்கு" என்றார். யாருடைய உத்தரவு என்று அவர் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை. அவர் பெருவிரலில் இன்னும் கட்டு இருந்தது. மேளம், குலவை, சூடம் எல்லாவற்றோடும் கல்லைத் தூக்கிப்போய் இடுப்பளவுத் தண்ணீரில் இறக்கினோம். இரண்டு பெண்கள் அழுதார்கள். எனக்கும் கொஞ்சம் ஒரு மாதிரியாக இருந்தது. நல்ல கல்.

பிரம்மசக்தி கயிற்றை அவிழ்த்துக்கொண்டார். என் கம்பு உடனே சாய்ந்துவிட்டது. ஒரு கருப்பட்டிப் பொட்டலத்தைக் கொடுத்து, "அடுத்த வருசமும் பக்கத்துலயே போடுவோம் அண்ணாச்சி. ஓரடி தள்ளி வேணும்னாலும் போடுதோம்" என்றார். ஓரடி வேண்டாம், இப்போது இருந்ததே போதும் என்றேன்.

செக்போஸ்ட்டில் இரண்டு பஸ் நின்றன. ஒன்று தூத்துக்குடிக்கு. ஒன்று எங்கள் ஊர் வழி. பகவதி பையோடு இரண்டுக்கும் நடுவே நின்று பிரம்மசக்தியோடு பேசிக்கொண்டிருந்தாள். எதில் ஏறப்போகிறாய் என்று நான் கேட்கவில்லை. எங்கள் ஊர் பஸ்ஸில் ஏறிப் பின்சீட்டில் உட்கார்ந்தேன். பக்கத்து இடத்தில் துண்டு போடவில்லை. யாரோ ஒருவர் வந்து உட்கார்ந்தார். உட்காரட்டும். டிரைவர் வண்டியைக் கிளப்பினார். என் உயிர் என்னிடம் இல்லை.

முன்வாசல் வழியாக ஒரு பை ஏறியது. பின்னாலேயே பகவதி ஏறினாள். பெண்கள் சீட்டில் உட்கார்ந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. எது வரைக்கும் டிக்கெட் எடுத்தாள் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.

பாளையங்கோட்டையில் இறங்கினாள்.

வீட்டு வாசலில் நான் பூட்டைத் திறக்கும்போது சொன்னாள். "ஒரு வாரம் இருந்து பாக்கேன்."

"பாத்துட்டு" என்று ஆரம்பித்தேன். மீதியை முடிக்கவில்லை.

ஆடி 23, வியாழன்

சாயங்காலம் ஐந்து மணிக்குக் கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அடுக்களையில் என்னவோ விழுந்தது. பெரிய சத்தம். விழுந்து, உருண்டு, சுவரில் முட்டி, மறுபடி ஒருமுறை உருண்டது.

எழுந்தேன். உட்கார்ந்தேன். மறுபடியும் எழுந்து ஜன்னல் வரை போய்விட்டு வந்து உட்கார்ந்தேன். பேப்பரைத் தலைகீழாகப் பிடித்திருந்தேன் என்பதைக் கொஞ்சம் கழித்துத்தான் கவனித்தேன். உள்ளே துடைக்கிற சத்தம், குழாய்ச் சத்தம், பிறகு ஒன்றுமில்லை. "என்ன ஆச்சு?" என்பது இரண்டே சொல். வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கால் மணி நேரம் கழித்துப் பகவதி இரண்டு டம்ளரோடு வந்தாள். ஒன்றை என்னிடம் கொடுத்தாள். வழக்கமாக உள்ளே திரும்பிவிடுவாள். இன்று நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்து, மெதுவாகக் குடித்தாள். நானும் குடித்தேன். தெருவில் ஐஸ் வண்டி போனது. அவள் அதைப் பார்த்தாள், நானும் அதையே பார்த்தேன்.

என்ன விழுந்தது என்று எனக்கு இன்னும் தெரியாது.